போர்வை தந்த சொல்

பணியின் பொருட்டுத் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வோம். மகனுக்கு டெக்னோபார்க்கில் வேலை. ஊரிலிருந்து வந்து உடன் வாழும் தாய்க்குப் புற்றுநோய். "இனிப் பாலியேட்டிவ் கவனிப்பு வேண்டும்" என்கிறார் மருத்துவர். கைவிட்டுவிட்டார்கள் என்று கலங்கிய மகன், தாயை ஊருக்கே கொண்டுசெல்ல வண்டி தேடுகிறான். அச்சொல்லின் பிறப்பை அறிந்திருந்தால் அவன் அவ்வாறு கலங்கியிரான்.

இலத்தீனில் 'பாலியம்' என்பது தோளின்மேல் போர்த்தும் மேலாடை. அதனை அணிந்தவரைக் குறிக்கும் பெயரடை 'பாலியாட்டஸ்'. கிரேக்க உடை புனைந்து நடித்த உரோமானிய நகைச்சுவை நாடகங்களும் இவ்வடையாலேயே பெயர் பெற்றன. பின்னர் 'போர்த்தல்' என்னும் வினை இதினின்று கிளைத்து மருத்துவத்துள் புகுந்தது. நோயின் வேரைக் களைய இயலாதபோதும் துன்பத்தைத் தணிப்பதை உணர்த்தலாயிற்று. 1970-களில் கனடா நாட்டு மருத்துவர் பால்ஃபர் மவுண்ட் இதனைத் தனியொரு மருத்துவப் பணியின் பெயராக்கினார்.

போர்வை என்றதும் நமக்குப் பேகன் நினைவுக்கு வருகிறான் அல்லவா? மயில் குளிரால் நடுங்கியதென்று தன் போர்வையை ஈந்த வள்ளல் அவன். மலையின் குளிரை அவன் மாற்றவில்லை. மயிலின் நடுக்கத்தையே மாற்ற எண்ணினான். இக்கவனிப்பின் கருத்தும் அதுவே. இது கைவிடுதல் அன்று; அருகிருத்தல். நோய் தீர்க்கும் சிகிச்சையோடு சேர்த்தே இதனைத் தொடங்கலாம்.

கேரளத்தில் இதனைச் 'சாந்த்வன பரிசரணம்' என்பர். 1993-இல் கோழிக்கோட்டில் இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியோருள் ஒருவரான மருத்துவர் எம். ஆர். இராஜகோபால், 2003-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய அமைப்பின் பெயர் 'பாலியம் இந்தியா'. நாம் கண்ட அதே மேலாடைதான். 2008-இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர் நோயாளியின் வீட்டிற்கே வந்து புண்ணைத் துடைத்துக் கட்டுகின்றனர், வீட்டாருக்கும் கற்பிக்கின்றனர்.

கடும் வலிக்கு உரிய மருந்து மார்ஃபின். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் அது நோயாளிக்கும் அரிதாயிற்று. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. மருத்துவர் வலிக்கேற்ப அளந்து தரும்போது, அடிமையாகிவிடுவோமோ என்ற அச்சம் பெரும்பாலும் வேண்டாதது.

ஆகவே, அயல் மாநிலத்தில் வாழும் அன்பர்களே, இச்சொல்லைக் கேட்டவுடன் பயணத்திற்கு மூட்டை கட்டாதீர்கள். அருகிலுள்ள சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இவ்வுதவி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். நீண்ட வழி நெடுகத் தாய் வலியால் துடிக்காதிருக்க, அந்த ஒரு கேள்வி போர்வையாகக் கூடும்.