குடிக்காதவருக்கும் ஈரல் கெடுமா?

மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை

மோட்டாரைப் பற்றியோ டிரான்ஸ்பார்மரைப் பற்றியோ எழுத வேண்டியவன் ஈரலைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இதிலும் டர்பைன் வருகிறது, வோல்ட் வருகிறது, லோடும் வருகிறது.

என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. அம்மா தார் சுற்றுகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அதனால் இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். போன வருஷம் அப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று' என்று போட்டிருந்தது. கிரேடு ஒன்று என்றால் முதல் வகுப்பு, நல்லதுதான் என்று நினைத்து, "நல்லா இருக்குதுங்கப்பா" என்று சொல்லிவிட்டேன்! மறுநாள் டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, அதில் முதல் படி என்று.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஈரல் என்றாலே எங்கள் ஊரில் குடி என்றுதான் அர்த்தம். பெரியப்பா நேராகவே கேட்டுவிட்டார்: "வெளிய தெரியாம ஊத்திக்கிட்டு இருந்தியாடா?" அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவரில்லை. அன்று ராத்திரி ஷிப்டுக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தார். "ஏஞ்சாமி, குடிக்காதவனுக்கு எப்படி ஈரல் கெடும்? படிக்கிறியே, பாத்துச் சொல்லு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஈரல் சுமார் ஒன்றரை கிலோ எடையுள்ள உறுப்பு. உடம்பு எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நாள் ஒன்றுக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடும் ஆள் எத்தனை வாட் என்று நாமே போட்டுப் பார்க்கலாம். ஜூலாக மாற்றி 86,400 விநாடியால் வகுத்தால் 97 வாட் வருகிறது. நாம் ஒவ்வொருவரும் நடமாடும் ஒரு நூறு வாட் பல்பு!

ஈரலின் முதல் வேலை ரேஷன் கடை வேலை. சாப்பிட்டவுடன் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை வாங்கி, கிளைகோஜன் என்ற பொருளாகச் சுமார் 100 கிராம் வரை சேமிக்கும். பசிக்கிற நேரத்தில் அதை உடைத்து ஊருக்கே பங்கு போடும். பிரான்சின் கிளாட் பெர்னார்ட் 1857ல் இந்தக் கிளைகோஜனைப் பிரித்தெடுத்தார். தசையில் இதைவிட அதிகமாக, 400 கிராம் போலச் சேமிப்பு உண்டு. ஆனால் தசைக்காரன் கருமி, தன் குளுக்கோஸை ரத்தத்துக்குத் திருப்பித் தரமாட்டான். அதற்குரிய என்சைம் அவனிடம் கிடையாது. மூளைக்கோ ஒரு நாளைக்கு 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். ராத்திரி முழுக்கத் தறி ஓட்டும் அப்பாவின் மூளைக்கு அதை விடியும்வரை சப்ளை செய்வது ஈரல்தான்.

சரி, டர்பைனுக்கு வருவோம்.

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இழைமணி என்று படித்தோமே, அதுதான். நம் உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் அதன் உள்சவ்வில் படிப்படியாக இறங்கி, கடைசியில் நாம் சுவாசித்த ஆக்சிஜனிடம் சேருகின்றன. அப்படி இறங்கும்போது கிடைக்கும் சக்தியால் புரோட்டான்கள் சவ்வுக்கு அந்தப் பக்கம் பம்ப் செய்யப்படுகின்றன. மேட்டூரில் தண்ணீரைத் தேக்குவது போல அங்கே புரோட்டான் தேங்குகிறது. தேங்கிய புரோட்டான் திரும்பி வர ஒரே பெரிய மதகுதான் உண்டு. அதில் ஒரு டர்பைன், அது சுற்றும்போது ஏடிபி தயாராகிறது. பாலூட்டி விலங்குகளில் 8 புரோட்டான் இறங்கினால் ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. உவமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே சுற்றுகிறது! 1997ல் ஜப்பான் விஞ்ஞானிகள் அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் அது சுழல்வதைக் கண்ணால் பார்த்தார்கள். தேங்கிய புரோட்டான்தான் சக்தி என்று பீட்டர் மிட்செல் 1961ல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் துறைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. அந்தச் சவ்வின் குறுக்கே 0.18 வோல்ட் வரை இருக்கும். பென்டார்ச் செல்லில் எட்டில் ஒரு பங்கு, கேவலமாகத் தெரிகிறதா? சவ்வின் தடிமன் 6 நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு 3 கோடி வோல்ட்! காற்று 30 லட்சத்திலேயே பொறி விட்டுவிடும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. லோடு இல்லாவிட்டால் டர்பைன் மெதுவாகும், புரோட்டான் தேங்கி நிற்கும், பின்னால் வரும் எலக்ட்ரானும் நகராது. எரிக்க முடியாத சரக்கை ஈரல் என்ன செய்யும்? கொழுப்பாக்கி உள்ளே அடுக்கும். ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதுவே கொழுப்பீரல். சாதாரண ஸ்கேன் கண்ணில் படவே 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்பதால், முதல் படி என்று அலட்சியமாக இருக்க முடியாது.

சாராயம் இந்த வழியைத்தான் அடைக்கிறது. அது எரியும்போது எலக்ட்ரான் வெள்ளமாக வந்து, கொழுப்பு எரிய இடமில்லாமல் செய்துவிடும். ஆனால் வழியை அடைக்கச் சாராயம்தான் வேண்டும் என்பதில்லை. மயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக் என்பவரும் கூட்டாளிகளும், குடிக்காதவர்களின் ஈரலிலும் குடிகாரர்களின் ஈரலைப் போன்ற மாற்றம் இருப்பதை 1980லேயே எழுதி, அந்த நோய்க்குப் பெயரும் வைத்தார்கள். 1980! பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அமெரிக்காக்காரன் என்ன வேணா சொல்லுவான்" என்றார்.

அப்பா ஒல்லி, 58 கிலோ. அவருக்கு எங்கிருந்து கொழுப்பு? இதற்கும் பதில் உண்டு. பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004ல் லான்செட் இதழில் தங்கள் போட்டோவையே போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! நம் நாட்டுக்காரர்களின் உடம்பு ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு ஒளிந்திருக்கும்.

அது எங்கிருந்து வருகிறது என்று அமெரிக்காவில் அளந்து 2005ல் வெளியிட்டார்கள். நோயாளிகளின் ஈரல் கொழுப்பில் 59 சதவீதம் உடம்பின் சொந்தக் கொழுப்புக் கிடங்கிலிருந்து கசிந்து வந்தது. 26 சதவீதம் ஈரலே புதிதாகத் தயாரித்தது. சாப்பிட்ட எண்ணெயிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. புதிதாகத் தயாரிப்பதற்கு நல்ல மூலப்பொருள் சர்க்கரை. சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸுக்கு வழியில் ஒரு செக்போஸ்ட் உண்டு, போதும் என்றால் நிறுத்தும். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் ஈரலுக்கே வந்து அந்தச் செக்போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.

நான் உடனே அப்பாவின் டீயை எண்ணினேன். ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க எட்டு கிளாஸ். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 70 கிராம் சர்க்கரை. கூடவே பன். உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன உச்ச அளவு, 2000 கலோரிக்காரருக்கு 50 கிராம். முடிந்தால் 25. அப்பாவின் 'சரக்கு' டீக்கடையிலிருந்துதான் வந்திருக்கிறது!

சாப்பாட்டைக் கலோரியாக மட்டும் எண்ணாமல், செல் அதை ஒழுங்காக எரிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தார் சொல்கிறார்கள். அமெரிக்க உயிரியலாளர் ரே பீட் (1936-2022) அவர்களில் முக்கியமானவர். தைராய்டுதான் எரிப்பின் ரெகுலேட்டர், அதைக் கவனி என்பார். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி என்பது என் அபிப்பிராயம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் இந்த நோய்க்கு முதன்முதலாக அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் மாத்திரை, ஈரலிலுள்ள தைராய்டு ஹார்மோன் ஏற்பியைத்தான் தூண்டுகிறது. ஆனால் சர்க்கரை நல்லது, சூரியகாந்தி போன்ற எண்ணெய்தான் எதிரி என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. சுவீடனில் உப்சாலாவில் 39 இளைஞர்களுக்கு 7 வாரம் கூடுதலாகக் கேக் கொடுத்துப் பார்த்து 2014ல் எழுதியிருக்கிறார்கள். பாமாயில் கேக் தின்றவர்களுக்குத்தான் சூரியகாந்தி எண்ணெய்க் கேக் தின்றவர்களைவிட ஈரல் கொழுப்பு அதிகம் ஏறியது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை நாம்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரல் கொழுப்பு பணக்காரன் வியாதி மட்டுமல்ல. 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் பார்த்த குவாஷியோர்கர் குழந்தைகளுக்குப் பால் இல்லை, பருப்பு இல்லை. அவர்கள் ஈரலிலும் கொழுப்பு! கொழுப்பை மூட்டை கட்டி வெளியே அனுப்பப் புரதம் வேண்டும், கோலின் என்ற சத்தும் வேண்டும். சாக்கு இல்லாமல் நெல்லை எப்படி ஏற்றுமதி செய்வது? இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பெஸ்ட்டும் அவர் குழுவும் கோலினின் இந்த வேலையை 1932ல் சொன்னார்கள். ஒரு பெரிய முட்டையில் கோலின் 150 மில்லிகிராம் போல இருக்கிறது. நான் சத்துணவு முட்டை தின்று வளர்ந்தவன். அப்பா வாரத்துக்கு ஒரு முட்டைகூடத் தின்னாமல் எனக்கு பஸ் பாஸ் எடுத்தவர்.

அப்பா பயத்தில் பத்து நாள் கஞ்சித்தண்ணி மட்டும் குடித்தார். அது தப்பு. பட்டினி கிடந்தால் அந்த 59 சதவீதக் கிடங்கு மொத்தமாகத் திறந்துகொள்ளும். வேகமாக இளைத்தால் சிலருக்கு ஈரல் வீக்கம் கூடவும் செய்யும். ஒல்லியானவர்களுக்கு 3 முதல் 5 சதவீத எடை குறைந்தாலே பலன் உண்டு. அப்பாவுக்கு அது மூன்று கிலோவுக்குள். எடை குறையாவிட்டாலும் தொடர்ந்து நடந்தால் ஈரல் கொழுப்பு குறைகிறது. தசைதான் நமக்குள்ள பெரிய லோடு!

அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். அதற்கும் கதை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழு 1988ல் லான்செட்டில், ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமப்பவர்களிடம் கீழாநெல்லி நன்றாக வேலை செய்ததாக எழுதியது. பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமிக்குத்தான், கொழுப்புக்கு அல்ல. அம்மாவிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது அப்பாவுக்கு டீ மூன்று கிளாஸ், அரைச் சர்க்கரை. மாஸ்டர் முதலில் முணுமுணுத்தார், இப்போது அவரே "ஏனுங்க, அரைதானுங்களே?" என்கிறார். காலையில் ஒரு முட்டை, மதியம் கொள்ளுப் பருப்பு. ஷிப்டு முடிந்து பஸ் ஏறாமல் மூன்று கிலோமீட்டர் நடந்தே வருகிறார். எடை 56 ஆகியிருக்கிறது. தை மாதம் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்த ரிப்போர்ட்டும் இங்கிலீஷில்தான் வரும், இந்தத் தடவை நான் சரியாகப் படிப்பேன்.

பெரியப்பா மட்டும் இன்னும் நம்பவில்லை. போன வாரம் அவருக்கும் வலது பக்கம் கனமாக இருக்கிறதாம். ஸ்கேனுக்கு யார் கூட வருவது என்று அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.