வெட்டி ஒட்டும் கலை



தெரணியகலையில் ஓடும் சீதாவக்கை ஆறு கீழிறங்கி அவிசாவளைப் பக்கம் செல்கிறது. அந்த அவிசாவளைப் பகுதியில் இளமையைக் கழித்த ஒரு பெண்மணி, இலங்கைத் திரைப்படத்தை உலகறியச் செய்தவர்களுள் ஒருவரானார். அவர் சுமித்ரா பீரிஸ். அவர் அரசியல்வாதி பிலிப் குணவர்தனவின் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

படத்தொகுப்பு என்பது யாது? தோட்டத்து நேயர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கொழுந்து பறித்த மாத்திரத்தில் தேயிலை ஆகிவிடுவதில்லை. வாட்டி, அரைத்து, சலித்து, தரம் பிரித்த பின்னரே அது தேயிலையாகின்றது. படப்பிடிப்பில் கிடைப்பது பச்சைக் கொழுந்து. சுருள் சுருளாகப் படம் வந்த அக்காலத்தில், அதில் வேண்டியதைக் கொண்டு, வேண்டாததை நீக்கி, கத்தரித்து ஒட்டியவர் தொகுப்பாளர். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. சில படங்கள் கூடினாலும் குறைந்தாலும் காட்சியின் உணர்ச்சி மாறிவிடும்.

இதற்கு ரஷ்ய நெறியாளர் குலெஷோவ் ஒரு சோதனை காட்டினார். ஒரே முகத்தை உணவுக்கு அருகில் வைத்தால் அதிற் பசி தெரியும். சவப்பெட்டிக்கு அருகில் வைத்தால் துயரம் தெரியும். முகம் மாறவில்லை, அடுத்து வந்த காட்சியே மாறிற்று.

ஐரோப்பா சென்ற சுமித்ரா, 1950களின் பிற்பகுதியில் இலண்டன் திரைப்படப் பள்ளியிற் பயின்றார். நாடு திரும்பியதும், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் 'சந்தேசய' (1960) படத்தில் உதவி நெறியாளராகப் பணியாற்றினார். பின்னர் 'கம்பெரலிய' (1963) படத்தைத் தொகுத்தார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய அப்படம், படப்பிடிப்பு நிலையத்தை விட்டு வெளியே எடுக்கப்பட்டது. ஆரவாரமற்ற கதை அது. ஒரு பழங்குடும்பம் தேய்ந்து போவதைச் சொல்வது. ஒரு பார்வை எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், மௌனம் எங்கே முடிய வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பதே இத்தகைய படத்திற்கு உயிர். கை சற்று அவசரப்பட்டாற் துயரம் மேலோட்டமாகிவிடும்; சற்றுத் தாமதித்தாற் பார்ப்பவர் சலிப்படைவர்.

1965இல் புதுதில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் 'கம்பெரலிய' தங்க மயில் விருதைப் பெற்றது. விருது படத்திற்குரியது, எனினும் அதில் தொகுப்பாளரின் பங்கு சிறிதன்று. 1964இல் சுமித்ரா லெஸ்டரை மணந்தார். 1978இல் 'கெஹெனு லமய்' படத்தின் மூலம் தாமே நெறியாளரானார். பின்னர் பிரான்சுக்கான இலங்கைத் தூதுவராகவும் விளங்கினார். 2023 சனவரியில் காலமானார்.

நல்ல தொகுப்பில் ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாற்றான் தொகுப்பாளரின் பெயரும் நம் நினைவில் நிற்பதில்லை. அடுத்த முறை படம் பார்க்கையில், ஒரு காட்சி முடியும் இடத்தைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே முடிக்கலாம் என்று யாரோ ஒருவர் நெடுநேரம் இருளறையில் அமர்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்.