'நாங்க வரலப்பா, நீங்க போயிட்டு வாங்க!' - தாத்தா, பாட்டி, குட்டீஸோட ஒரு நாள் டூர் பிளான் பண்றது எப்படி?

லீவு விட்டாச்சு. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல 'எங்கயாச்சும் போலாமா?'ன்னு ஒரு மெசேஜ் விழுந்தா போதும், வீட்டுக் குட்டீஸ் குதிக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா, பெரியவங்ககிட்ட இருந்து வர்ற பதில் பெரும்பாலும் இதுதான்: 'நாங்க எதுக்குப்பா? வீட்டைப் பார்த்துக்கறோம். நீங்க புள்ளைங்கள கூட்டிட்டுப் போயிட்டு வாங்க.'

நாமும் 'அவங்களுக்கு இஷ்டம் இல்ல போல' என்று விட்டுவிடுகிறோம். ஆனால், பல பெரியவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. வழியில் பாத்ரூம் இருக்குமா, இருந்தாலும் முட்டியை மடக்கி உட்கார முடியுமா, எவ்வளவு தூரம் நடக்கணும், நம்மால மத்தவங்களுக்கு லேட் ஆகுமோ... இப்படி மனசுக்குள் ஏகப்பட்ட கேள்விகள். இதையெல்லாம் மகனிடமோ, மருமகளிடமோ வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். அதனால்தான் 'வரல' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு நாமே முதலில் பதில் சொல்லிவிட்டால், அவர்களும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

4 வயசும் 70 வயசும் ஒரே கட்சி!

குழந்தைகளுக்கு ஒரு பிளான், பெரியவர்களுக்கு ஒரு பிளான் என்று யோசித்தால்தான் தலைவலி. கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ரெண்டு பேருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு வேணும். ரெண்டு பேராலயும் மதிய வெயிலைத் தாங்க முடியாது. அடிக்கடி பாத்ரூம் போகணும். மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டே ஆகணும். காலையில் சீக்கிரம் எழுந்துக்கறதும் இந்த ரெண்டு கோஷ்டிதான். 9 மணி வரைக்கும் தூங்கிட்டு, வெயில் ஏறினதுக்கு அப்புறம் கிளம்பி, 'ஒரே நாள்ல 6 இடம் பார்த்துடலாம்'னு ஓடறது நடுவுல இருக்குற நாம மட்டும்தான்.

அதனால, டைம்டேபிளை அவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி போடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு இடம் போதும். காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நடுவில் சாப்பாடும் ஓய்வும்.

உதாரணத்துக்கு, ஒரு மாமல்லபுரம் டிரிப்

சென்னையில் இருந்து ஈ.சி.ஆர் வழியாகப் போனால் சுமார் 55 - 60 கி.மீ. காலை 6 மணிக்குக் கிளம்பினால், டிராஃபிக் ஆரம்பிப்பதற்குள் போய்விடலாம். காலை டிபனை வீட்டிலிருந்தே இட்லி, மிளகாய்ப்பொடியாகக் கட்டிக்கொண்டால் இன்னும் வசதி.

வெயில் ஏறும் முன் கடற்கரைக் கோயில். நுழைவாயிலில் இருந்து கோயில் வரை நிழல் இல்லாமல் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், இதை முதலில் முடித்துவிடுவது நல்லது. அடுத்து, அர்ஜுனன் தபசு. இது தெருவோரமாகவே இருக்கும் பெரிய பாறைச் சிற்பம். படி ஏற வேண்டாம், ரொம்ப தூரம் நடக்க வேண்டாம். நின்ற இடத்தில் இருந்தே பார்க்கலாம். குழந்தைகளுக்கு இங்கே ஒரு டாஸ்க் கொடுங்க. 'பின்னங்கால்ல நின்னு தவம் பண்ற பூனையைக் கண்டுபிடி!' அந்தப் பூனையைச் சுத்தி எலிகளும் இருக்கும். பூனை உண்மையிலேயே தவம் பண்ணுதா, இல்ல எலிகளை ஏமாத்த நடிக்குதான்னு தாத்தாகிட்ட கேட்கச் சொல்லுங்க. அப்புறம் கதை தானா ஓடும்.

பக்கத்திலேயே, சரிவில் உருளாமல் நிற்கும் 'வெண்ணெய் உருண்டை' பாறை. குட்டீஸுக்கு அந்தச் சரிவில் சறுக்கி விளையாடறதுதான் குஷி. முட்டி வலி இருக்கறவங்க கீழேயே நின்னு பார்த்துக்கலாம். ஐந்து ரதம் இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கு. நடக்க வெச்சுடாதீங்க. காரிலோ, ஆட்டோவிலோ போயிடுங்க. அங்கே தரை முழுக்க மணல் என்பதால், கைத்தடி வைத்திருப்பவர்களுக்கு ஒருவர் துணைக்கு நடக்க வேண்டும். கலங்கரை விளக்கத்தில் ஏறணும்னு பசங்க அடம்பிடிச்சா, ஒருத்தர் மட்டும் கூட்டிட்டுப் போங்க. மத்தவங்க அதுக்குள்ள இளநீர் குடிக்கட்டும்.

11 மணிக்குள் இதை முடித்துக்கொண்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். 12:30-க்குச் சாப்பாடு. 2 மணி நேரம் ஓய்வு. பட்ஜெட் இடம் கொடுத்தால், பகல் பொழுதுக்கு மட்டும் ஒரு ரூம் போட்டுக்கொள்வது பெரிய உதவி. சுத்தமான பாத்ரூம், கால் நீட்டிப் படுக்க ஒரு கட்டில், குழந்தை தூங்க ஃபேன் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு இடம். விலங்குப் பிரியர்கள் என்றால், வடநெம்மேலி முதலைப் பண்ணை. பழைய வீடுகள் பிடிக்கும் என்றால், முட்டுக்காடு தட்சிணசித்ரா. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திராவின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து இங்கே மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். திண்ணை, முற்றம், குதிர் என்று ஒவ்வொன்றையும் பார்த்ததும் பாட்டிகள் கைடாகவே மாறிவிடுவார்கள். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. முதலைப் பண்ணைக்குத் திங்கள் லீவு, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் லீவு. கிளம்பும் முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

கார்ல யார், எங்கே?

5 பேர் காரில் 7 பேர் என்பது நம்ம ஊர் வழக்கம். கூடவே, 'குழந்தை பாட்டி மடியில முன் சீட்ல உட்காரட்டும்' என்ற ஏற்பாடு வேறு. இது ரொம்ப ஆபத்து. திடீர் பிரேக்கில் மடியில் இருக்கும் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்தவே முடியாது. ஏர்பேக் விரிந்தால் அதன் வேகம் முதலில் குழந்தையைத்தான் தாக்கும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான சீட்டோ கட்டாயம் என்று சட்டமும் சொல்கிறது. குழந்தைகள் பின் சீட்டில், முட்டி வலி உள்ளவர் கால் நீட்ட வசதியான முன் சீட்டில். ஆட்கள் அதிகம் என்றால், பெரிய வண்டியாக வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

2 வயதில் இருந்து 12 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பயண வாந்தி சகஜம். காரில் போன் பார்த்தால் அது அதிகமாகும். போனை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, தூரத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணி குடிக்காம வர்றாங்களா? கவனிங்க!

பல அம்மாக்களும் பாட்டிகளும் டிரிப் என்றால் முதலில் செய்வது, தண்ணீரைக் குறைப்பதுதான். 'வழியில எங்க போறது?' என்ற பயம். வயதாக ஆக, தாகம் எடுக்கிற உணர்வும் குறைந்துவிடும். ரெண்டும் சேர்ந்தால் தலைசுற்றல், மயக்கம், சிறுநீர்த் தொற்று என்று அடுத்தடுத்து வரும். 'தண்ணி குடிம்மா'ன்னு நூறு தடவை சொல்றதைவிட, 'இன்னும் அரை மணி நேரத்துல ஒரு நல்ல ஹோட்டல் வருது, அங்க வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு, நிறுத்தறேன்'னு ஒரு தடவை சொல்லுங்க. பாட்டில் தானா காலியாகும்.

பி.பி-க்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். அதற்காக, டிரிப் அன்று மாத்திரையைத் தாங்களாகவே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது கூடாது. நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று முந்தைய நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். மாத்திரையோ, இன்சுலினோ போட்டுக்கொண்ட பிறகு 'இன்னும் ஒரு இடம் பார்த்துட்டு சாப்பிடலாம்' என்று தள்ளிப்போட்டால், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் வந்தால், உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையோ, குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு போன் பண்ணுங்கள். மாத்திரைப் பையை டிக்கியில் போடாமல் கையோடு வைத்திருங்கள்.

டூருக்கு வந்தாங்களா, டியூட்டிக்கு வந்தாங்களா?

பெரியவர்கள் அடுத்த டிரிப்புக்கு 'வரல' என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. போன தடவை நாள் முழுக்க அவர்கள் பார்த்தது பைகளையும் பேரக்குழந்தைகளையும் மட்டும்தான். 'அம்மா, இவனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, நாங்க ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறோம்'னு போனவங்க ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருப்பாங்க. வீட்டில் செய்யும் அதே வேலை, வெயிலில்!

முக்கியமாக, கடற்கரையில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். மாமல்லபுரத்தில் அலை வேகமாக இழுக்கும், குளிக்கப் பாதுகாப்பான இடமே இல்லை. கணுக்கால் தண்ணியில கால் நனைக்கறதோட நிறுத்திக்கணும். மூணு வயசுப் பிள்ளை ஓட ஆரம்பிச்சா, முட்டி வலியோட இருக்குற தாத்தாவால துரத்திப் பிடிக்க முடியாது. தண்ணீருக்குப் பக்கத்தில் குழந்தையின் கையைப் பிடிக்க வேண்டியது அப்பா, அம்மா பொறுப்பு.

அதற்கு வேலையைப் பிரித்துக்கொள்வதே வழி. அரை மணி நேரம் அப்பா டியூட்டி, அரை மணி நேரம் அம்மா டியூட்டி. அந்த நேரத்தில் தாத்தாவும் பாட்டியும் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும். கல்யாணம் ஆன புதுசுல வந்ததைப் பத்தி அவங்களுக்குள்ள பேசிக்கட்டும். மடக்கி எடுத்துட்டுப் போற மாதிரி ரெண்டு லேசான நாற்காலியை டிக்கியில போட்டுக்கிட்டா, மணல்ல உட்கார்ந்து எழுந்திரிக்கிற கஷ்டமும் இல்ல.

இன்னொரு விஷயம், கேட்கும் விதம். 'நாங்க மகாபலிபுரம் போறோம், நீங்களும் வர்றீங்களா?' என்றால், எல்லாம் முடிவு பண்ணிவிட்டு ஒப்புக்குக் கூப்பிடுவதாகத்தான் தோன்றும். 'ஞாயித்துக்கிழமை எல்லாரும் போறோம்மா, கடற்கரையா, முதலைப் பண்ணையா... எங்க போலாம்னு நீங்க சொல்லுங்க'ன்னு கேட்டுப் பாருங்க. முட்டிவலி தைலம், முறுக்கு டப்பா, பேரனுக்கு ஒரு மாத்துத் துணி என்று முந்தைய நாள் ராத்திரியே அம்மா பை கட்ட ஆரம்பித்துவிடுவார்.