விதையின் வலிமையும் வீட்டு உணவும்

விதைத்த வயல் முளைக்கவில்லையெனில் மண்ணை மட்டும் பழிக்கும் உழவர் நம்மில் எவரும் இலர். விதையையும் எடுத்து முளைப்புத் திறனைச் சோதித்துப் பார்க்கிறோம். ஆனால், மணமாகி ஆண்டுகள் பல சென்றும் மகப்பேறு வாய்க்காத இல்லங்களில் மட்டும் இந்த நியாயத்தை மறந்துவிடுகிறோம். மனைவியைக் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் அனுப்புகிறோம். ஊரார் ஏச்சும் அவள் தலைமீதே விழுகிறது. கணவனோ ஒருமுறையேனும் சோதித்துக் கொள்வதில்லை. குழந்தையின்மை நேரும் இல்லங்களில் ஏறக்குறையப் பாதியில் ஆணிடத்தும் குறை காணப்படுகிறது என்பதே மருத்துவர் கண்ட உண்மை. வளர்ந்தோரில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் இத்துன்பத்துக்கு ஆளாகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

விந்தணு ஒரே நாளில் தோன்றுவதன்று. அது உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும்; முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டொரு வாரங்கள் வேண்டும். ஆகவே, இன்று திருத்திய உணவின் பயன் மூன்று மாதம் கழித்தே தெரியவரும். பாவில் நேர்ந்த குறை, துணி அறுக்கும் நாளில் வெளிப்படுவது போன்றதே இதுவும்.

இதற்கு உகந்த உணவு யாது? கம்பு, கேழ்வரகு, பயறு வகைகள், கீரை, எள், நிலக்கடலை, கொய்யா, நெல்லிக்கனி, இயன்றவர்க்கு மீனும் முட்டையும். விந்தணு வளர்ச்சிக்கு வேண்டிய புரதமும் துத்தநாகமும் வைட்டமின்களும் இவற்றில் உள்ளன. அமெரிக்காவில் 117 இளைஞரைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நாள்தோறும் 75 கிராம் அக்ரூட் பருப்பை 12 வாரங்கள் உண்டவர்களின் விந்தணுக்கள் உயிர்ப்பிலும் அசைவிலும் வடிவிலும் மேம்பட்டன. எனினும், மகப்பேறு கூடிற்றா என்பதை அவ்வாராய்ச்சி அளக்கவில்லை.

உணவுக்கு மாற்றாக மாத்திரையை நாடுவோரும் உளர். 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 2,370 தம்பதியர் பங்குபெற்றனர். கணவர்மாரில் ஒரு சாரார் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையை ஆறு மாதம் உட்கொண்டனர். மறு சாரார் மருந்தில்லா வெறும் மாத்திரையை உட்கொண்டனர். இரு சாராரிடையே குழந்தைப் பிறப்பில் வேற்றுமை காணப்படவில்லை. ஆதலால், விளம்பரத்தை நம்பி உழைத்த கூலியைக் கரைக்க வேண்டா.

உண்பதைப் போலவே விலக்குவதும் முக்கியமானது. புகையிலையும் மிகுந்த குடியும் விந்தணுவைக் கெடுக்கின்றன. உடற்பருமன் மிகின் ஆண்மைச் சுரப்பும் குன்றுகிறது. பயிரிடுவோர் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். டி.பி.சி.பி. என்னும் பூச்சிமருந்தைச் செய்த கலிபோர்னியத் தொழிற்சாலை ஒன்றில், தமக்குக் குழந்தை பிறக்காததைத் தொழிலாளரே கண்டு ஐயுற்றனர். 1977-இல் நடந்த சோதனையில் அந்த ஐயம் உண்மையாயிற்று. மருந்து தெளித்த கையோடு சோற்றுப் பானையைத் தொடாதிருப்போமாக.

உணவு எல்லாக் குறைகளையும் தீர்க்கும் என்று நாம் கூறவில்லை. குழாய் அடைப்பு, நரம்புப் புடைப்பு முதலியவற்றுக்கு மருத்துவமே வேண்டும். ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தங்காவிடில் இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுதல் முறை. மனைவிக்கு வயது 35-க்கு மேற்பட்டிருப்பின் ஆறு மாதமே போதும். லாப நட்டம் இரண்டையும் பகிர்ந்துகொள்வதே கூட்டுறவு. அந்நெறி நம் இல்லத்திலும் நிலவட்டும்.