தம்பானூர் தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் குப்பை கடலுக்கு எப்படிப் போகிறது?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் போய் வருபவர் என்றால் தம்பானூர் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே இருக்கும் இடம். அந்தத் தண்டவாளங்களுக்கு அடியில் ஓர் ஓடை ஓடுவது பலருக்குத் தெரியாது.

2024 ஜூலை 13 அன்று அதைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புத் துறை, தேசிய பேரிடர் மீட்புப் படை, கடற்படை எல்லாம் தேடின. ஜூலை 15 அன்று உடல்தான் கிடைத்தது. தேடுதலுக்குப் பெரிய தடையாக இருந்தது குப்பைதான்.

இது எந்த ஓடை?

ஆமையிழஞ்சான் தோடு. மலையாளத்தில் 'தோடு' என்றால் ஓடை. நகரத்தின் நடுவே ஓடி ஆக்குளம் காயலில் சேர்கிறது. அந்தக் காயல் வேளி பொழிமுகம் வழியாக அரபிக்கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் பொழி திறந்ததும் தண்ணீரோடு குப்பையும் கடலுக்குப் போய்விடும்.

பொறுப்பு யாருடையது?

இங்கேதான் சிக்கல். ஓடை பாசனத் துறையின் கீழ் வருகிறது. நகரக் குப்பை மாநகராட்சியின் பொறுப்பு. நிலையத்துக்கு அடியில் உள்ள பகுதி ரயில்வே நிலம். மொத்தம் 12 கி.மீ. ஓடையில் தங்கள் நிலத்தில் இருப்பது வெறும் 117 மீட்டர்தான் என்றது ரயில்வே. அந்த இடத்தில் குப்பையை எடுக்க வேண்டியது ரயில்வேதான் என்றது மாநகராட்சி. கடைசியில் கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

இத்தனைக்கும், தம்பானூரில் வெள்ளம் தேங்குவதைத் தடுக்க 2015-லேயே 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் ஓடை ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். ஓடையில் குப்பை சேர்வது நிற்கவில்லை.

ஒரு சின்ன ஓடை கடலை என்ன செய்துவிடும்?

நிறைய செய்யும். 2021-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வின் கணக்குப்படி, ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருகிறது. சில பெரிய நதிகளைச் சுத்தம் செய்தால் போதும் என்ற பழைய நினைப்பை அது மாற்றியது. நகரங்களுக்குள் ஓடும் சிறிய ஆறுகள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை.

சேர்ந்து வேலை செய்தால் நடக்குமா?

பக்கத்து மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. கொல்லம் நீண்டகரையில் 2017-ல் 'சுசித்வ சாகரம்' திட்டம் தொடங்கியது. வலையில் மீனோடு சிக்கும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் முன்பு திரும்பக் கடலிலேயே போட்டுவிடுவார்கள். இந்தத் திட்டத்தில் படகுகளுக்குப் பை கொடுத்து, அதைக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பெண்கள் தரம் பிரித்துக் கழுவினார்கள். துறைமுகத்தில் இருந்த இயந்திரம் அதைத் துண்டு துண்டாக்கியது. அந்தத் துண்டுகள் தார்ச் சாலை போடப் போயின.

மீன்வளத் துறை, துறைமுகப் பொறியியல் துறை, சுசித்வ மிஷன், கிளீன் கேரளா கம்பெனி, படகு உரிமையாளர்கள் எல்லாரும் இதில் கைகோத்தார்கள். முதல் 10 மாதத்தில் எடுத்தது 25 டன் பிளாஸ்டிக்.

அப்படியானால் தம்பானூரில் என்ன குறை?

ஆள் குறைவில்லை, துறைகளும் குறைவில்லை. நீண்டகரையில் ஒருவர் வேலை முடிந்த இடத்தில் அடுத்தவர் வேலை தொடங்கியது: படகு, தரம் பிரிப்பு, இயந்திரம், சாலை. தம்பானூரில் ஒருவர் எல்லை முடியும் இடத்தில் அடுத்தவர் "அது என் வேலை இல்லை" என்கிறார். தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடலுக்குப் போன பிளாஸ்டிக்கில் வலையில் சிக்குவது கொஞ்சம்தான். ஓடையிலேயே தடுத்தால் செலவும் குறைவு, மீனவருக்குச் சுமையும் குறைவு. அதற்கு நிலையத்துக்கு முன்னும் பின்னும் குப்பையைத் தடுக்கும் வலை, மழைக்கு முன்பே இயந்திரத்தால் தூர்வாரல், எல்லாவற்றையும் கேள்வி கேட்க ஒரே அதிகாரி வேண்டும்.

அடுத்த முறை தம்பானூரில் இறங்கும்போது கையில் இருக்கும் காலி பாட்டிலைத் தொட்டியில் போடுங்கள். அந்த ஓடையில் இனி யாரும் உயிரைப் பணயம் வைத்து இறங்கக் கூடாது.