கணினி பயிலும் நம் பிள்ளைகள்

நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் இன்று கணினி பயில்கின்றனர். விசைகளைத் தட்டப் பழகுவதோடு அக்கல்வி நிறைவுறாது. பொறியின் உள்ளமைப்பை அறிவதே அதன் அடிப்படை.

நெசவாளர்க்கு இது அந்நியமான பொருளன்று. பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பார் 1804-இல் அமைத்த பெட்டி, அட்டையில் துளை உண்டா இல்லையா என்பதைக் கொண்டே பாவு இழைகளைத் தூக்குகிறது. அவ்வாறே கணினியும் 1, 0 என்னும் இரண்டே இலக்கங்களால் இயங்குகிறது.

மாணவர் முதலில் அறியத்தக்க உறுப்புகள் மூன்று. கணக்கிடுவது செயலி. அப்போதைய வேலைக்குரிய விவரங்களை ஏந்தி நிற்பது ராம் எனும் நினைவகம். மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை அழியும். மின்சாரம் நின்றாலும் காத்து வைப்பது வட்டு. சங்கத்தில் காரியதரிசி நூலையும் பணத்தையும் பங்கிட்டு மேற்பார்ப்பதுபோல, இம்மூன்றையும் மேற்பார்ப்பது இயக்க முறைமை. விண்டோஸும் லினக்ஸும் அத்தகையன. 1991-இல் லினக்ஸின் கருவை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரே.

நினைவகம் வேறு, வட்டு வேறு என்பதை அறியாதவர், நூல் வழங்கிய கணக்கையோ பருத்தி எடையையோ பதிந்துவிட்டுச் சேமியாது எழுந்து செல்வார். மின்தடை நேர்ந்த கணத்தில் ஓர் உறுப்பினரின் கூலிக் கணக்கே மறைந்துபோகக்கூடும். நாளை நம் பேரேட்டைக் காக்கப்போவோர் இப்பிள்ளைகளே. ஆதலின், பழைய பொறியொன்றை மின்னிணைப்பு நீக்கி, ஆசிரியர் முன்னிலையில் திறந்து கற்க அவர்களை ஊக்குமாறு பெற்றோரை வேண்டுகின்றோம்.