நெஞ்செரிச்சலா? முதலில் இரவுச் சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள்

"அண்ணே, நெஞ்சு எரியுது, கேஸ் மாத்திரை ரெண்டு குடுங்க." எந்த மருந்துக் கடை வாசலில் நின்றாலும் இந்தக் குரல் கேட்கிறது. கடைக்காரர் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அட்டையை நறுக்கி நீட்டுகிறார். வாங்கியவர் ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு, பதினொன்றுக்குப் படுத்துவிடுகிறார். மறுநாளும் எரிச்சல், மறுநாளும் மாத்திரை. இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். மாத்திரை அமிலச் சுரப்பைத்தான் குறைக்கும். அந்தத் தசையை இறுக்காது. வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பது, தொப்பை, இறுக்கிக் கட்டிய பெல்ட், புகை, மது ஆகியவை அமிலம் ஏறுவதற்கு வழிவிடுகின்றன. இவற்றைத் திருத்தாமல் மாத்திரையை மட்டும் நம்பிப் பயனில்லை.

முதல் வேலை, சாப்பாட்டு நேரத்தை மாற்றுவது. பத்தரைக்குப் படுப்பவர் ஏழரைக்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கட்டும். வேலை முடிந்து வர இரவு பத்து ஆகும் என்பவர்கள், மாலையிலேயே வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு, வந்தபின் இரண்டு இட்லியோ இடியாப்பமோ போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரையடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அழுந்தும். இடது பக்கமாகப் படுப்பது நல்லது.

அடுத்தது உணவு. மிளகாயை மட்டும் குற்றம்சாட்டிவிட்டு, வெறும் வயிற்றில் காபியும் நாள் முழுக்க டீயும் குடிப்பவர்களே அதிகம். எண்ணெய்ப் பலகாரம், கொழுப்பு மிகுந்த பிரியாணி, சாக்லேட், புளிப்பு, தக்காளி, பச்சை வெங்காயம் ஆகியவை பலருக்கு ஆகாது. ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் ஆகாது என்பதில்லை. பால் குடித்தால் அடங்குவது கொஞ்ச நேரத்துக்குத்தான், பிறகு அதுவே அமிலத்தைச் சுரக்க வைக்கும். நுரைத்துப் பொங்கும் சோடாப் பொடிகளில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தக்காரர்கள் அவற்றைத் தினமும் குடிக்கவே கூடாது.

உங்களுக்கு எது ஆகாது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். நான்கு கோடு இழுங்கள்: சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எரிந்தது. இரண்டு வாரம் விடாமல் எழுதுங்கள். சந்தேகப்படும் பொருளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திக் கஞ்சியில் காலம் தள்ளாதீர்கள்.

குறையவில்லை என்றால், அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஓபி சீட்டுப் போடுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். மூட்டுவலிக்கு வாங்கும் வலி மாத்திரையும் இதில் சேர்த்தி, அதுவே வயிற்றைப் புண்ணாக்கலாம். வரிசை நீளம் என்பதற்காக, இரண்டே கேள்வியில் மாத்திரை எழுதி அனுப்பும் வழக்கத்தை மருத்துவர்கள் கைவிட வேண்டும். நீங்களும் வாயைத் திறந்து கேளுங்கள்: "எத்தனை வாரம் சாப்பிடணும்? எப்ப நிறுத்தணும்?" கேட்பது உங்கள் உரிமை. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளைப் பொதுவாக 4 முதல் 8 வாரம்தான் கொடுப்பார்கள். காலை உணவுக்கு அரை மணி முன்பு விழுங்க வேண்டும். காலக்கணக்கின்றிச் சாப்பிட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம். நெடுநாள் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினாலும் எரிச்சல் திருப்பி அடிக்கும், ஆகவே மருத்துவர் சொல்படி குறையுங்கள்.

இந்த வகை மாத்திரைகள் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. அட்டையிலேயே அந்த எச்சரிக்கை அச்சாகி இருக்கிறது. நறுக்கிக் கொடுத்த துண்டில் பெயர் பாதி, காலாவதித் தேதி அடுத்தவர் வீட்டில். பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுக்கும், சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றி உங்கள் பகுதிக்கான மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கண்ணுக்கு எதிரே நடப்பதை அதிகாரிகள் பார்க்காமல் இருப்பது வெட்கக்கேடு.

விழுங்கச் சிரமம், காரணமின்றி எடை குறைவது, கறுப்பாக மலம், ரத்த வாந்தி, ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் நோட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போய், எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் இருந்தால் அதைக் கேஸ் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து விடியும்வரை காத்திருந்து உயிரை விட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வெறும் அஜீரணம் போலவும் வரும். 108-ஐ அழையுங்கள், இசிஜி எடுங்கள். கேஸ்தான் என்று தெரிந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம். மறுபடியும் சொல்கிறேன்: அதை முடிவு செய்ய வேண்டியது இசிஜியைப் பார்க்கும் மருத்துவர், நீங்களோ மருந்துக் கடைக்காரரோ அல்ல.